பழையதைப் பழையது என்று எழுதி விற்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வாகனச் சாமான் வியாபாரத்தில் புதியது எது, பழையது எது, திருத்தியது எது என்று வாங்குகிறவனுக்கு விளங்காத நிலை வந்துவிட்டது. யாராவது இதைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எழுதக் காணோம். ஏமாந்தவர்களில் பாதிப்பேருக்குத் தாங்கள் ஏமாந்ததே தெரியாது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள், அவர்கள் ஏன் எழுதப் போகிறார்கள்? நானும் இந்தத் தொழிலில் இருக்கிறவன்தான். களுவாஞ்சிகுடிப் பக்கம் டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டர் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற சாமான் அது. படித்தவர்கள் அல்டர்நேட்டர் என்று சொல்வதைத்தான் நாங்கள் டைனமோ என்கிறோம். இந்தக் கடிதத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

பழைய சாமான் விற்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிற வேலை. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு, இரண்டரை மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. புதுச் சாமானின் விலை கேட்டவர்கள் கேட்ட இடத்திலேயே திரும்பிப் போனார்கள். அந்த ஐந்து வருடமும் எங்கள் பக்கத்து டொல்பின் வான்களும் கன்டர் லொறிகளும் ஆட்டோக்களும் வயல் உழுகிற லேண்ட்மாஸ்டர்களும் ஓடியது பழைய சாமான்களாலும் திருத்திய சாமான்களாலும்தான். கொழும்பில் பழைய சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இல்லாவிட்டால் மட்டக்களப்பில் முக்கால்வாசி கராஜ் பூட்டியிருக்கும். ஆகவே பழைய சாமானுக்கு நான் எதிரி இல்லை. அதைப் புதுச் சாமான் என்று விற்பதும், வெறும் பெயின்ட் அடித்துவிட்டு "ரீகண்டிஷன்" என்று விற்பதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு டைனமோவை ஒழுங்காகத் திருத்துவது என்றால் என்ன என்று கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள், இது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். முதலில் முழுவதும் கழற்ற வேண்டும். உள்ளே சுழலுகிற ரோட்டரின் பின்பக்கத்தில் செம்பு வளையங்கள் இரண்டு இருக்கும். காபன் என்கிற சின்னக் கட்டை அதில் உரசி உரசித்தான் மின்சாரம் உள்ளே போகிறது. வருடக்கணக்கில் உரசினால் வளையத்தில் பள்ளம் விழும். பள்ளம் சிறிதென்றால் லேத்தில் கொடுத்துக் கடையலாம். கடைவதற்கு உலோகம் மிச்சமில்லையென்றால் வளையத்தையே மாற்ற வேண்டும். காபன் எப்படியும் புதிது. முன் பெயாரிங், பின் பெயாரிங் இரண்டும் புதிது. விரலில் போட்டுச் சுற்றிப் பார்த்து "நல்லாத்தான் கிடக்கு" என்று திரும்பப் பூட்டுகிற வேலையை என் கடையில் பழகுகிற பெடியன்களுக்கு நான் அனுமதிப்பதில்லை. பிறகு, உண்டாகிற மின்சாரத்தைப் பற்றரிக்கு ஏற்றதாக மாற்றுகிற டயோட் பிளேட். அதில் இருக்கிற டயோட் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ரோட்டரைச் சுற்றி அசையாமல் இருக்கிற ஸ்டேட்டரின் கம்பி சூட்டில் கறுத்திருந்தால் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டும். எங்கள் கடற்காற்றுக்கும் வாவிக் காற்றுக்கும் அலுமினிய மூடியில் வெள்ளையாகப் பூத்துப்போயிருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தமாக்காவிட்டால் எர்த் ஒழுங்காகப் பிடிக்காது. எல்லாம் பூட்டிய பிறகு பெஞ்சில் ஏற்றி, லோட் கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். லேத்துக்குப் போய்வருகிற நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாள் போய்விடும். பெயின்ட் கடைசியில், அதுவும் ஆள் கேட்டால்.

இன்னொரு முறை இருக்கிறது. பெற்றோலில் கழுவு, காற்றடித்துக் காயவை, சில்வர் பெயின்ட் அடி, ஸ்டிக்கர் ஒட்டு, பொலித்தீனில் சுற்று. அரை மணித்தியாலம்கூட ஆகாது. உள்ளே ஒரு ஸ்குரூவையும் தொடவில்லை.

இரண்டும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். என் கடையில் திருத்தியதற்கு 18,000 ரூபா சொன்னால் அங்கே 14,000. பார்வைக்கு அதுதான் பளபளப்பு. வாங்குகிறவர் எதை எடுப்பார்? அதே பெயின்ட் அடித்த சாமான் இன்னும் கொஞ்சத் தூரம் போய், பெயர் அச்சடித்த பெட்டிக்குள் ஏறிவிட்டால் 35,000க்குப் புதுச் சாமானாக விலைபோகிறது. கீழே மலிவு விலையும் மேலே "புது"வும் நெருக்க, நடுவில் ஒழுங்காக வேலை செய்கிறவன் நசுங்குகிறான். விலையைப் பார்த்தும் தரத்தைக் கண்டுபிடிக்க முடியாது, பெட்டியைப் பார்த்தும் முடியாது. கடைசியில் சனம் "ரீகண்டிஷன் எல்லாமே பொய்" என்று முடிவுகட்டிவிட்டு, பெயர் தெரியாத நகல் சாமானை வாங்கிக்கொண்டு போகிறது. அது ஒரு போகம் தாங்கினால் பெரிய காரியம்.

போன பெரும்போக அறுவடையில் வவுணதீவுப் பக்கம் நெல் ஏற்றி இறக்கிய கன்டர் ஒன்று என் கடைக்கு வந்தது. ஓட்டிவந்தவர் இளம் பெடியன். பற்றரி நிற்கவில்லை, லைட் மங்குகிறது என்றார். "டைனமோ எப்ப மாத்தினது தம்பி?" என்று கேட்டேன். "இப்பதான் அண்ணன். புதுச் சாமான், ஜப்பான். அது பிழைச்சிருக்காது, வேறெங்கயாவது பாருங்க" என்றார். கழற்றினேன். வெளியே சில்வர் பெயின்ட். கம்பி பூட்டுகிற நட்டுகளின் மேலும் பெயின்ட், காற்று போகிற துவாரத்துக்குள்ளும் பெயின்ட். தொழிற்சாலையில் பெயின்ட் அடித்துவிட்டா நட்டைப் பூட்டுவார்கள், நட்டைப் பூட்டிவிட்டா பெயின்ட் அடிப்பார்கள் என்று அந்தத் தம்பியிடமே கேட்டேன். பதில் இல்லை. திறந்தால் காபன் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பெயாரிங் கிரீஸ் காய்ந்து தார் மாதிரி. டயோட் ஒன்று போய்விட்டது. பில்லை வாங்கிப் பார்த்தேன். "டைனமோ - 1, ரூபா 34,500" என்று மட்டும் எழுதியிருந்தது. புதியதா, பழையதா, எந்த வாகனத்துக்கு உரியது, உத்தரவாதம் எவ்வளவு, ஒன்றும் இல்லை. கடைக்குப் போன் எடுத்தார். "மின் சாமானுக்குக் கரன்டி இல்லை, போர்டில் எழுதிப்போட்டிருக்கோமே" என்று பதில் வந்தது. எந்தக் கடை, எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. அந்த ஒரு கடையை மட்டும் பிடித்து ஒன்றும் ஆகாது.

அறுவடை நேரத்தில் வண்டி ஒரு நாள் நின்றால் அது ஒரு நாள் நட்டத்தோடு முடிகிற விஷயமா? வெட்டு மிஷினுக்கு நாள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நெல்லைக் களத்தில் கொட்டி வைத்தால் மழை வருமோ என்று பயம், இரவில் யானை வருமோ என்று பயம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, பூட்டின அன்றைக்கே பிழை தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி மீட்டர் வைத்தால் 14 வோல்ட் காட்டும். கடைக்காரரும், பாஸ் என்று நாங்கள் சொல்கிற மெக்கானிக்கும், வாங்கினவரும் சந்தோஷமாகப் பிரிந்துபோவார்கள். ஒரு டயோட் போயிருந்தாலும் சும்மா ஓடும்போது வோல்ட் காட்டத்தான் செய்யும். ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாருங்கள், அப்போது குட்டு வெளிப்படும். சாதாரண 12 வோல்ட் வண்டியில் எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருக்க வேண்டும். லைட் எல்லாம் போட்ட பிறகு 13க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் டைனமோவால் முடியவில்லை என்று அர்த்தம். அரைகுறைச் சார்ஜில் ஓடி ஓடி நல்ல பற்றரியும் சில மாதத்தில் செத்துப்போகும். அப்போது குற்றம் பற்றரிக் கடைக்காரர் தலையில் விழும்.

என் தொழிலில் வருகிற ஏமாற்று வண்டியை நடுரோட்டில் நிறுத்தும். செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகிற வீதியில், கரடியனாறு தாண்டி இரவில் நிற்பது நல்ல அனுபவம் இல்லைதான், ஆனாலும் பெரும்பாலும் உயிரோடு வீடு வரலாம். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் டயரிலும் நடக்கிற ஏமாற்று அப்படி இல்லை. தேய்ந்த போல் ஜொயின்டுக்குள் தடித்த கிரீஸை அடைத்து, மேலே புது ரப்பர் மூடி போட்டுவிட்டால் கையால் ஆட்டிப் பார்க்கும்போது இறுக்கமாகத்தான் இருக்கும். கொஞ்ச நாள் குண்டு குழியில் ஓடினதும் கிரீஸ் வெளியே வரும். ஜொயின்ட் கழன்றால் முன் சில்லு அப்படியே மடிந்துவிடும். எண்ணெய் ஒழுகின சொக் எப்சோபரைத் துடைத்துக் கறுப்பு பெயின்ட் அடிப்பார்கள். தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகிப்போன பிரேக் சூவை எமரித் தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி விற்கிறார்கள். அதே பழைய சூவுக்குப் புது லைனிங் ஒட்டியோ ரிவிட் அடித்தோ தருகிறவரும் இருக்கிறார். அது மரியாதையான வேலை, அதை அவர் மறைக்கவும் மாட்டார். எயார்பேக் விஷயம் இன்னும் மோசம். ஒருமுறை வெடித்து விரிந்ததைத் திரும்ப மடித்து வைக்க முடியாது. ஆனால் ஸ்டியரிங்கின் நடு மூடியை மட்டும் மாற்றி, எச்சரிக்கை லைட் எரியாமல் இருக்க வயரில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டுவிட முடியும். டாஷ்போர்டைப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரி. மூடிக்குப் பின்னால் வெறும் ஓட்டை.

டயரில் மட்டும் வாங்குகிறவர் தானாகவே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்த டயர். அந்த எண் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கலாம், ஆகவே டயரைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பு மெருகு பூசி வைத்திருந்தாலும் எண் பொய் சொல்லாது. சுரண்டி எடுத்திருந்தால் வாங்காதீர்கள். தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டின ரீபில்ட் டயர் வாங்குவது தப்பில்லை. நல்ல கொம்பனி ரீபில்ட் செய்தால் தன் பெயரைப் பக்கச் சுவரிலேயே பதித்துத் தருகிறது. மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் காடி வெட்டி விற்கிறானே, அவன் எதையும் பதிப்பதில்லை.

அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் கார்களில் டைனமோவும் கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டரும் கிடையாது. என் பிழைப்புக்கு அது நல்ல சேதி இல்லை, அது வேறு கதை. அந்தக் கார்களின் பெரிய பற்றரியில் நடப்பதையும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறை அக்வாவின் பற்றரி ஒரே துண்டு இல்லை. 7.2 வோல்ட் தொகுதிகள் 20, ஒன்றோடொன்று தொடராகக் கோத்து 144 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். மூன்று நாலு தொகுதி செத்தால் எச்சரிக்கை லைட் வரும். செத்த நாலையும் எடுத்துவிட்டு, வேறொரு பழைய பற்றரியில் இருந்து நாலைப் போட்டால் லைட் அணைந்துவிடும். தொடராகக் கோத்த பற்றரியில் பலவீனமான தொகுதிதான் முதலில் அடிவாங்கும். ஆகவே கொஞ்ச நாளில் ஐந்தாவது சாகும், பிறகு ஆறாவது. இதை "நாலு தொகுதி மாற்றியது, மிச்சம் பழையது" என்று சொல்லி, அதற்குரிய காசை எடுத்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கையில் காசில்லாதவருக்கு அது ஒரு ஆறு மாத மூச்சு. ஆனால் "புதுப் பற்றரி" என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். மூடியைத் திறந்து எத்தனை புதிது, எத்தனை பழையது என்று எண்ணிப் பார்க்க வாங்குகிறவருக்கு வழி இல்லை. அதைத் தொடுவதே ஆபத்து.

இதற்கெல்லாம் சட்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் 30ஆம், 31ஆம் பிரிவுகள் இருக்கின்றன. வியாபாரி தவறாக வழிநடத்துகிற விதமாக நடப்பதையும், பொருளைப் பற்றிப் பொய்யான விபரம் சொல்வதையும் அவை தடுக்கின்றன. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். எல்லாம் சரி. முறைப்பாடு கொடுக்கப் போகிறவர் கையில் என்ன இருக்கிறது? "டைனமோ - 1". புதிது என்று கடைக்காரர் வாயால் சொன்னார், பில்லில் எழுதவில்லை. "நான் புதிது என்று எங்கே சொன்னேன்?" என்று அவர் கேட்டால் அதிகாரி என்ன செய்வார்? அந்தத் தம்பியிடம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போய் எழுதிக்கொடுக்கச் சொன்னேன். அவர் போகவில்லை. அறுவடையை விட்டுவிட்டுக் கச்சேரி வரிசையில் நிற்க முடியுமா?

இதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களுக்கு லேபல் ஒட்டுவது, விலை குறிப்பது, பொதி செய்வது பற்றி வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கிற அதிகாரத்தை அதிகார சபைக்குக் கொடுத்திருக்கிறது. வாகனச் சாமானுக்கு அந்த அதிகாரத்தைப் பாவித்தால் போதும். புதுச் சட்டம் கொண்டுவந்து பாராளுமன்றத்தில் விவாதித்து இன்னும் பத்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

எப்படி எழுத வேண்டும் என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு என்று ஒன்று, பாவித்த வாகனச் சாமானுக்கும் திருத்திய சாமானுக்கும் என்றே தனியாக ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. 2014இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். என் மகள் அதை எடுத்து வாசித்துத் தமிழில் சொன்னாள். கேட்டபோது என் கடை வேலையை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதினது போல இருந்தது. திருத்தியது என்று சொல்ல வேண்டுமென்றால் சாமானைக் கழற்றியிருக்க வேண்டும், உள்ளும் புறமும் துரு இல்லாமல் சுத்தப்படுத்தியிருக்க வேண்டும், பழுதானதையும் அதிகம் தேய்ந்ததையும் சீராக்கியோ மாற்றியோ இருக்க வேண்டும், இல்லாத பாகத்தைப் போட்டிருக்க வேண்டும், சுற்ற வேண்டிய கம்பியைச் சுற்றி, கடைய வேண்டியதைக் கடைந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் திருத்தியது என்று சொல்வதானால், வழக்கமாக அந்த வேலையைச் செய்கிற தொழிற்சாலையில்தான் திருத்தியிருக்க வேண்டும். பழையது என்ற விஷயம் விளம்பரத்திலும் பெட்டியிலும் பில்லிலும் தெளிவாக இருக்க வேண்டும். பார்வைக்குப் புதிது மாதிரி இருக்கிற சாமானென்றால் சாமானின் மேலேயே எழுத வேண்டும், அதுவும் வண்டியில் பூட்டிய பிறகும் கொஞ்சக் காலம் அழியாமல் தெரிகிற மாதிரி. இந்தக் கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த எழுத்து இருந்தால் வண்டி கைமாறும்போதும் அடுத்த மெக்கானிக்குக்கு விஷயம் தெரியும்.

இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் மூன்று விதமான பதில் வருகிறது. சின்னக் கடைக்காரர் ஒவ்வொரு நட்டுக்கும் லேபல் ஒட்ட முடியுமா என்பது ஒன்று. நட்டுக்கு வேண்டாம். பிரேக், ஸ்டியரிங், டயர், பற்றரி, டைனமோ, ஸ்டார்ட்டர், எஞ்சின், கியர்பெட்டி என்று எடுத்தாலே போதும். புதியது, பாவித்தது, திருத்தியது என்று ரப்பர் முத்திரை மூன்று செய்து, பில்லில் ஒரு குத்துக் குத்த எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பழையது என்று எழுதினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது அடுத்தது. கல்முனைச் சந்தையில் கருவாட்டை மீன் என்று சொல்லியா விற்கிறார்கள்? கருவாடு என்றே சொல்கிறார்கள், அதற்கென்று ஆள் தேடி வருகிறது, நல்ல கருவாட்டுக்கு நல்ல விலையும் கிடைக்கிறது. என் கடையில் எல்லாமே திருத்திய சாமான்தான். அதைச் சொல்லித்தான் விற்கிறேன். அதனால் எனக்கு அடுப்பு எரியாமல் போகவில்லை.

மூன்றாவது பதிலில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. "எங்களுக்கே தெரியாது அண்ணன், கொழும்பிலிருந்து பெட்டியோடு வருகுது, அப்படியே விற்கிறம்" என்கிறார்கள். உண்மைதான். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு சின்னக் கடைக்காரர் பெட்டியை உடைத்து உள்ளே பார்க்க முடியாது. சில நேரம் அவரும் ஏமாந்தவர்தான். அப்படியென்றால் அவருக்குச் சாமான் கொடுத்தவரின் பில்லில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கட்டும். மேலேயிருக்கிறவர் எழுதித் தரமறுத்தால், தன் பில்லில் "நிலை தெரியாது" என்று எழுதட்டும். வாங்குகிறவர் அதற்கேற்ற விலை பேசுவார். மொத்த வியாபாரியும் இரண்டு மூன்று முறை சாமான் திரும்பி வந்த பிறகு எழுதத் தொடங்குவார்.

என் சக தொழிலாளிகளுக்குப் பிடிக்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வண்டிக்காரர் சாமான் கடையைத் தெரிவு செய்வதில்லை. பாஸ் கை காட்டுகிற கடைக்குத்தான் போகிறார். பாஸுக்குக் கடையிலிருந்து கொம்மிஷன் வருகிறது. கொம்மிஷன் வாங்குவது ஊர் அறிந்த விஷயம், அதை ஒழிக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் கையில் கொம்மிஷன் வந்தால் பெட்டியைத் திறந்து பார்க்கிற கண் மூடிக்கொள்கிறது. பூட்டுகிறவனுக்குச் சாமான் பழையதா புதியதா என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஸ்குரூவின் வாயில் ஸ்பனர் பட்ட அடையாளம் ஒன்றே போதும். தெரிந்தால் சொல்லத்தான் வேண்டும்.

வண்டிக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. கழற்றின பழைய சாமானை கராஜிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், கேட்டு வாங்குங்கள். "இந்தக் குப்பையைக் கொண்டுபோய் என்ன செய்ய?" என்பீர்கள். அந்தக் குப்பைதான் அடுத்த மாதம் சில்வர் பெயின்டோடு தட்டுக்கு வருகிறது, சில நேரம் உங்கள் மச்சானுக்கே விற்கப்படுகிறது. பழையதைக் கொடுத்துத் திருத்தியதை எடுப்பதென்றால், பழையதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில் கேட்டால் தருவது வியாபாரியின் கடமை, தயவு இல்லை. "புதுசா, திருத்தினதா, எழுதித் தாங்க" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எழுதத் தயங்குகிற கையைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஆசிரியர் ஐயா, கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. முகநூலில் "பிராண்ட் நியூ கண்டிஷன்", "ஜப்பான் ஒரிஜினல்", "சீரோ மைலேஜ்" என்றெல்லாம் படத்தோடு விளம்பரம் போடுகிறார்கள். பழைய சாமானுக்கு மைலேஜ் எப்படிச் சீரோ ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கட்டுப்படுத்த உங்களால் முடியாது. ஆனால் தமிழ்ப் பத்திரிகைகளின் சிறுவிளம்பரப் பக்கத்திலும் இதே மாதிரி வரிகள் வருகின்றன, உங்கள் பத்திரிகையிலும் பார்த்திருக்கிறேன். பத்திரிகையில் வந்தால் சனம் நம்புகிறது. எங்கள் ஊரில் இன்னும் விளம்பரத்தை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விளம்பரம் எடுக்கிற படிவத்தில் வாகனச் சாமானுக்கு என்று ஒரு வரி சேருங்கள்: புதியது, பாவித்தது, திருத்தியது, இதில் ஒன்றைக் குறிக்காவிட்டால் விளம்பரம் இல்லை. அதிகார சபையின் பணிப்புரை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது.

என் கடை விளம்பரம் தைப்பொங்கலை ஒட்டி உங்களிடம் வரும். "திருத்திய டைனமோ. காபன், பெயாரிங், டயோட் பிளேட் புதிது. ரோட்டர், ஸ்டேட்டர், மூடி பழையது. ஆறு மாத உத்தரவாதம் பில்லில் எழுதித் தரப்படும்" என்று இருக்கும். சொற்கள் கூடிவிட்டன என்று உங்கள் ஆட்கள் நடுவில் இருக்கிற வரியை வெட்டிவிட வேண்டாம். கூடுகிற சொற்களுக்கு உரிய கட்டணத்தைக் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
டைனமோ, ஸ்டார்ட்டர் திருத்துநர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.